மாப்பிள்ளையின் சின்னக் கருவி

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள். இரைச்சல் இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது. நைட்ரஜன் குழாயைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் கருவியைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

வெகு உயரத்தில் காற்று வெயிலில் உடைந்து மின்துகள்களாக அலைகிறது. அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். அதன் அடர்த்தியையும் சூட்டையும் அளக்க நான் செய்த கருவி ஒரு குடத்தின் அளவு இருக்கும். பெரிய செயற்கைக்கோளில் ஏறிப் பல வருடம் உழைத்தது. ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். அவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்ததும் நான்தான், ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். கெட்டிக்காரர். வேலையிடத்தில் என்னை 'சார்' என்பார், வீட்டில் 'மச்சான்' என்பார்.

இப்போது செயற்கைக்கோள்கள் செருப்புப் பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டன. அவற்றில் ஏற்றுவதற்காக அவர் என் கருவியைத் தீப்பெட்டிக்குள் அடக்கிக் காட்டினார். நான் தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னேன். கருவி மின்துகளை இழுத்தால், அதைச் சுமக்கும் செயற்கைக்கோளின் உடல் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். சின்ன உடலால் முடியாது. அதுவே மின்னேறிவிடும், அளவு கோணலாகிவிடும்.

அவர் நிறைந்த கூட்டத்தில் பதில் சொன்னார். "அது தெரியும் சார். உடம்புல எவ்வளவு மின்சாரம் ஏறுதுன்னு பாக்க இன்னொரு முனை வச்சிருக்கேன், அதைக் கழிச்சுட்டா சரியாப்போகும். உங்க குடத்தை இனிமே காட்சிக்கு வச்சிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. தப்பான அளவு ஒன்று மேலே போய்விட்டால் அப்புறம் யார் ஏறிப்போய்த் திருத்துவது என்பதுதான் என் கவலை.

எங்கள் சோதனைத் தொட்டி ஆள் தவழ்ந்து நுழையக்கூடிய இரும்பு உருளை. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே பிளாஸ்மாவை உண்டாக்கிக் கருவியைச் சோதிப்போம். முடிந்ததும் ஈரம் படாமலிருக்க நைட்ரஜன் நிரப்புவோம். பிறகு விசிறியால் வெளிக்காற்றை ஏற்றினால்தான் ஆள் நுழையலாம். நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. அந்த வகையில் அது இரக்கமான வாயு.

அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். குழாயைத் திறந்து நிரப்பினேன். விசிறியைப் போடவில்லை. கதவைத் திறந்து வைத்து, மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். கருவியைக் கழற்றி எடுக்க வந்தவர், பக்கத்தில் யாரும் இல்லாததாலோ என்னவோ, அன்றைக்கு உறவுமுறை சொன்னார்.

"மச்சான், காத்து விட்டாச்சா?"

"விட்டாச்சு மாப்பிள்ளை. போங்க."

உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்கும் மானி மேசைமேல்தான் கிடந்தது. நான் ஒளித்து வைக்கவில்லை. அவர் எடுக்கவில்லை, அவ்வளவுதான். என் வார்த்தையே அவருக்குப் போதும்.

வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்கள் ஓய்ந்ததும் நான் சாப்பிடப் போனேன். பசி இல்லை. ஆனால் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் எனக்கு வயிறு கெட்டுவிடும்.

தங்கை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணா, அவர் உன்னைக் கேட்டுட்டுத்தானே உள்ள போயிருப்பாரு?"

"கேக்கலைம்மா. அவசரப்பட்டுட்டார்" என்றேன். அவளும் நம்பிவிட்டாள். உங்கப்பா மாதிரி அவசரப்படாதீங்க என்றுதான் பிள்ளைகளைக் கண்டிக்கிறாள்.

அவருடைய வேலை என் கைக்கு வந்தது. எங்கே பிசகு இருக்கிறது என்று அந்தக் கருவியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன். மாதக்கணக்கில் பார்த்தேன். மாற்றுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவர் செய்த மாதிரியே மேலே அனுப்பினோம்.

வாக்குமூலத்தில் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது உண்மை இல்லை. மேலேயிருந்து பொய்யான அளவு ஒன்றுகூட வந்துவிடக்கூடாது என்றுதான் செய்தேன். நீங்களே ஆய்வுக்கூடத்தில் விசாரித்துப் பாருங்கள். இன்றுவரை ஒன்றுகூட வரவில்லை.