சட்டைப் பையில் ஒரு இருக்கை

இல்ல சார், பசை வேணாம், பசை இருக்கு. இடுக்கியும் இருக்கு. பைலட் உக்கார்ற சீட்டும் இருக்கு, தொலைக்கல. நீங்க மத்த மேசையெல்லாம் பாத்து மார்க் போட்டுட்டு வாங்களேன், அதுக்குள்ள… என்னது, இதுதான் கடைசி மேசையா? சரியாப் போச்சு.

நீங்க சொல்றது நியாயம்தான். மாடல் விமானப் போட்டின்னா விதின்னு ஒண்ணு இருக்குல்ல. ஸ்டாண்டுல மாட்டி வச்சா அது பறக்குற விமானம். பறக்குற விமானத்துல ஆளும் இல்ல, சீட்டும் இல்லன்னா எப்படிச் சேத்துக்குறதுன்னு கேக்குறீங்க. கேக்கத்தானே செய்வீங்க.

உண்மையச் சொல்றேன், இது சக்கரத்துல நிக்க வேண்டிய ஜெட்டு. மூக்குக்குள்ள ஒரு ஈயக்குண்டை வச்சுட்டுத்தான் ரெண்டு பாதியையும் ஒட்டணும், இல்லன்னா வால் கனம் பின்னாடி இழுத்துரும். பெட்டிக்குள்ள இருந்த தாள்ல படமே போட்டிருந்தான். படிச்சேன் சார். குண்டை எடுத்து மறக்காம மேசை மேல வச்சேன். அப்புறம் ஒட்டி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு, ஜம்முனு நிறுத்துனா, டொக்குனு வால்ல உக்காந்து மூக்கைத் தூக்கிக்கிட்டு என்னைப் பாக்குது. பக்கத்துல அந்தக் குண்டும் என்னைப் பாக்குது. வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு என்கிட்ட, அப்படியே உங்கள மாதிரி, சாப்பிட்ட உடனே சாஞ்சுடுதுன்னா. சரி போன்னு சக்கரத்த உள்ள மடக்கி ஸ்டாண்டுல ஏத்திட்டேன்.

மேல கண்ணாடி மூடி எங்கன்னு கேக்குறீங்களா? அது தனிக் கதை. அவசரத்துக்கு உடனே பிடிக்கிற பசையப் போட்டேன். அதோட ஆவி பட்டு உள்ள வெள்ளையா பூத்துருச்சு. கண்புரை வந்த கண்ணு மாதிரி ஆயிருச்சு. வீசிட்டேன்.

நமக்கு விமானத்தப் பத்தி என்ன தெரியும் சொல்லுங்க. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறவன். ஏணியில மூணாவது படி வந்தாலே இறங்கிடுவேன். வீட்ல பல்பு மாத்துறது கூட வீட்டுக்காரிதான். நான் கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்கிட்டு யோசனை சொல்லுவேன். காலையில வண்டி எடுத்தா சாயந்தரம் வரைக்கும் ஒரே பாட்டு, சீட்ல உக்காரு, சீட்ல உக்காருன்னு. அப்படிக் கத்துறவன் செஞ்ச விமானத்துல சீட்டே இல்ல. பஸ்ல வர்ற பசங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்.

காட்டுறேன், இருங்க. சட்டைப் பையில பஞ்சுல சுத்தி வச்சிருக்கேன். பாத்தீங்களா? சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். பெல்ட்டு இருக்கு பாருங்க, மாத்திரை அட்டையோட வெள்ளித்தாள நறுக்கிப் பண்ணுனது. வீட்ல இப்ப மாத்திரை அட்டைக்குப் பஞ்சமில்ல. அந்த மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட வளையம், அதுதான் அவசரத்துக்கு இழுக்குறது. இழுத்தா சீட்டே ஆளத் தூக்கிக்கிட்டு வெளிய பாஞ்சுரும். முதல்ல நான் அத பக்கவாட்டுல ஒட்டியிருந்தேன். மகதான் பாத்துட்டு, அப்பா, இந்த வண்டியில அது நடுவுல, ரெண்டு தொடைக்கும் இடையிலன்னா. பிச்சுட்டு மறுபடி செஞ்சேன். அப்புறம் கூட பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் பெருசுப்பா, கையுறை போட்ட கைக்கு அகப்படணும்லன்னா.

எந்த மகளா? அதோ, ஜன்னலோரம் நிக்குதே. நாற்காலி போட்டாங்க, வேணாம்னுட்டா. அவளுக்கு நிக்குறதுதான் சுகம், உக்காந்தா முதுகு வலிக்கும். முதுகுக்கு டாக்டர் குடுத்த பட்டை பெல்ட்ட சட்டைக்கு மேல போட்டுக்கன்னா, உள்ளதான் போட்டுப்பேன்னு அடம். ஒரு சுண்டுவிரல் அகலம் குள்ளமாயிட்டா சார், அளந்து பாத்தாங்க. சீட்டு அப்படித் தூக்கியடிச்சா முதுகெலும்பு நசுங்குமாம். இனி அப்பா உயரம்தான்மா நீன்னேன். அவ சிரிச்சா, அவங்கம்மா சிரிக்கல.

ஆமா சார். நெஜ விமானத்த ஓட்டுனவ அவதான். வால்ல போட்டிருக்கிற நம்பர் அவ வண்டி நம்பர். எஞ்சின்ல பறவை அடிச்சுருச்சு. மூடி பறந்துச்சு, சீட்டு பறந்துச்சு, இவ பாராசூட்ல தொங்கிக்கிட்டு இறங்கிட்டா. ஆள் இல்லாம, சீட்டும் இல்லாம அந்த விமானம் கொஞ்ச தூரம் தானாப் போச்சாம். அவளே சொன்னா. இப்படி ஸ்டாண்டுல நிக்குதே, இதே மாதிரிதான் போயிருக்கும்.

அய்யோ, மார்க்குக்காகச் சொல்லல சார், விதி விதிதான். நாளைக்கு டாக்டருங்க அவளப் பாக்குறாங்க. சரின்னுட்டாங்கன்னா திரும்பவும் ஓட்டப் போறா. என்னைக் கேக்கவே இல்ல. சீட்ட மட்டும் ஒட்டிடுங்கப்பான்னா, அவ்வளவுதான். ஒட்டுறேன் ஒட்டுறேன்னு சொல்லிக்கிட்டே பையில வச்சுக்கிட்டுத் திரியுறேன். நமக்கு பஸ்ஸு புத்தி. சீட்டெல்லாம் சரியா இருந்தா வண்டி ரெடி. வண்டி ரெடின்னா கிளம்பிடுவாளேன்னு பயம் சார், வேற ஒண்ணும் இல்ல.

பாருங்க, அங்கேயே நின்னு என் கையத்தான் பாத்துக்கிட்டிருக்கா. சரி, உங்க பக்கத்துல கிடக்குற என் இடுக்கியக் குடுங்க. அய்ய, சீட்டு நழுவுது. இல்ல, நீங்க வேணாம். பாப்பா! இங்க வாம்மா. மெதுவா வா, ஓடாத. இந்தா புடி. நீயே வை.

அப்படித்தான். நேராப் பாத்து வை. ஒரு சொட்டு போதும்மா, ஒரே சொட்டு. ரொம்ப அழுத்தாத. இழுத்தா வெளிய வரணும்ல அது.