வெறும் இரும்பில் ஒரு கை

இதை எனக்குச் சொன்னவன் என் நண்பன். அவனுக்குச் சொன்னவர் அவன் சித்தப்பா. நடுவில் நான் எதைச் சேர்த்தேன், எதை மறந்தேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நெருங்கி உட்காருங்கள்.

பொழுது சாயும் நேரம். ஆளில்லாத பொட்டல் சாலை. அதன் கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டி... முழுக்க இரும்பு.

உள்ளே இரண்டு பேர். சித்தப்பாவும், அவர் மனைவியின் ஒரே தம்பியும். காற்றழுத்தக் குழாயால் மணலை வீசியடித்துத் துருவையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இரும்பு தோலுரித்தது போல வெளுத்து நின்றது. ஈரம் இறங்குவதற்குள் பூச்சு ஏற வேண்டும். அதுவரை வெறுங்கை படக்கூடாது. உள்ளங்கை வியர்வை பட்டாலே போதும், பூச்சுக்கு அடியில் துரு பிடித்துவிடும்.

சித்தப்பா விளக்கைத் திருப்பினார். சுவரில் ஒரு கைத்தடம். ஈரமாக. பார்க்கப் பார்க்கப் பழுப்பேறியது.

"மாப்ள, கையுறைய கழட்டுனியா?"

"நானா? காலைலேர்ந்து மூக்கு அரிக்குது. அதையே சொறியாம நிக்கிறேன் மாமா."

மறுபடி மணல் அடித்தார்கள். தடம் போனது. குழாயை நிறுத்தினார்கள். அமைதி... பிறகு, ஈரத்துணியைச் சுவரில் ஒட்டியது போல ஒரு சத்தம். பழைய செப்புக்காசின் வாடை. அதே இடம். அதே கை.

"யாருதுன்னுதான் பாத்துடுவோமே."

மைத்துனர் சிரித்துக்கொண்டே கையுறையை உருவினார். சித்தப்பா தடுப்பதற்குள் தன் கையை அதன் மேல் வைத்துவிட்டார். அச்சாகப் பொருந்தியது.

சிரிப்பு நின்றது.

"மாமா... கை வரல."

"விளையாடாதடா."

"வலிக்கல மாமா. அந்தப் பக்கம் யாரோ கை வச்சிருக்க மாதிரி இருக்கு."

சித்தப்பா இடுப்பைப் பிடித்து இழுத்தார். வெகுநேரம்... ஒருவழியாக வந்தது. ரத்தம் இல்லை. உள்ளங்கையில் ரேகையும் இல்லை. வழவழவென்று இருந்தது. கிள்ளினாலும் தெரியவில்லை. மரத்துப் போயிருந்தது.

சித்தப்பா மணல் குழாயை எடுத்தார்.

"அடிக்காதீங்க மாமா. அது என் கை."

அவர் அடிக்கவில்லை. தடத்தின் மேலேயே பூச்சு அடித்து மூடினார்.

மரமரப்பு மணிக்கட்டைத் தாண்டியது. பிறகு தோளை. மருத்துவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அது நெஞ்சுக்கு வந்தபோது மைத்துனர் இறந்துபோனார். சித்தி அதன் பிறகு கணவரோடு பேசவில்லை. சித்தப்பா வேறு தொட்டிகளில் அதே வேலைதான் செய்கிறார். அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டார்கள். ஊர் அதைத்தான் குடிக்கிறது.