ரீற்றா அக்கா பார்க்கப் போன ரேஸ்

மன்னாரிலிருந்து பேசாலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். "நான் சிலுவை போட்டு முடிக்க ரேஸும் முடிஞ்சுதடி" என்று மூத்தவர் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"எந்த ரேஸ், ரீற்றா அக்கா?"

"என்ர மகன் அனுராதபுரப் பக்கம் மோட்டச்சைக்கிள் ஓடினவனெல்லே. நேர் ரோட்டில ரெண்டு பேர் சமனாய் நிண்டு பறக்கிறது, பத்துப் பன்ரெண்டு செக்கன்தான். கழுத்தை முறிக்கப் போறானெண்டு, மறிச்சு வீட்ட கூட்டிவரத்தான் போனனான். நான் போய்ச் சேர அவன் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு ரேஸ் தொடங்கிற கோட்டில நிக்கிறான்."

"பிறகு?"

"கண்ணை மூடி அந்தோனியாரைக் கூப்பிட்டன். காது அடைக்கிற சத்தம் ஒண்டு. அந்தோனியார் என்னெண்டு கேக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. கண்ணைத் திறந்தால் இஞ்சை புகைதான் நிக்குது. அவன் அங்கால வெண்டிட்டு நிக்கிறான்."

"வெண்டிட்டானோ!"

"ஓம். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, 'அம்மா, பாத்தனீங்களோ? எப்பிடி இருந்தது?' எண்டு அழுறான். பாக்கேல்லை எண்டு எந்த வாயால சொல்லுறது?"

"அப்ப பொய் சொன்னீங்களோ?"

"ஏன் பொய்? 'நல்ல கெதியா இருந்தது மோனே, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுது' எண்டன்."

இளையவர் சிரித்த சிரிப்பில் கொண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"இனி ஓட வேண்டாமெண்டு சொல்லேல்லையோ அக்கா?"

"எப்பிடியடி சொல்லுறது? அவ்வளவு தூரம் போயும் நான் இன்னும் ஒண்டும் பாக்கேல்லையே!"