இறைசால் வந்த வழி

— தேய்க்காதீங்க சார். தயவுசெஞ்சு அந்தக் கைக்குட்டையைப் பைக்குள்ள வைங்க. தினமும் இப்படித்தான் தேய்க்கிறீங்களா?

— ஓம், தம்பி. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. ஒண்டரை வருஷமாய்.

— பாருங்க, நாணயத்துல யானையோட காது மழுங்கியே போச்சு. பழைய வெள்ளியில படியிற கறுப்பை, நாணயம் சேகரிக்கிறவன் அழுக்குன்னு நினைக்கமாட்டான். அதுதான் அதோட வயசு. தேய்ச்ச நாணயத்தைக் கையில வாங்கின உடனே கீழ வெச்சிடுவான்.

— சிட்னியிலை ஒரு பழைய காசுக் கடைக்காரனும் இதைத்தான் சொன்னவன். வெள்ளியின்ர நிறைக்குத்தான் காசு தருவானாம். அவன்தான் உங்கட பேரைத் தந்தவன். பரமட்டாவிலை வாசுதேவன் எண்டு ஒரு இந்தியன் எஞ்சினியர் இருக்கிறார், அவருக்கு இலங்கைக் காசிலை பைத்தியம் எண்டான்.

— பைத்தியம்னே சொன்னானா? சரிதான். ஆல்பத்துல இதுக்குன்னு ஒரு இடம் ஆறு வருஷமா காலியா இருக்கு. உக்காருங்க. நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?

— கதிரை சுவரோடை கிடந்தால் இருப்பன். முதுகுக்குப் பின்னாலை வெறுமையாய்க் கிடந்தால் எனக்குச் சரிவராது.

— இதோ, நகர்த்திட்டேன். இப்ப உக்காருங்க. இந்த நாணயத்தைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

— வீட்டிலை இறைசால் எண்டு சொல்லுவம். அம்மாவின்ர கழுத்து அட்டியலிலை கிடந்தது. வேறை ஒண்டும் தெரியாது.

— இறைசாலா? பிரமாதம் சார். புஸ்தகத்துல ரிக்ஸ் டாலர்னுதான் போட்டிருக்கும். டச்சுக்காரன் வெச்ச பேரு. அவன் போனப்புறம் இங்கிலீஷ்காரன் அதே பேர்ல இதை லண்டன்ல அடிச்சு உங்க ஊருக்கு அனுப்பினான். ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தொண்ணு. இந்தப் பக்கம் நாலாம் ஜார்ஜ், அந்தப் பக்கம் யானை. நாலே வருஷம். அப்புறம் ஷில்லிங் கணக்கு வந்துடுச்சு. நெறைய உருக்குற சட்டிக்குப் போயிடுச்சுன்னு சொல்றாங்க. நகையில கோத்ததுதான் தப்பிச்சிருக்கும். இதோ, ராஜா தலைக்கு மேல வளையம் பத்த வெச்ச தழும்பு.

— வளையத்தை அண்ணைதான் பல்லாலை கடிச்சுப் பிடுங்கிக் கழட்டினவர்.

— பல்லாலையா? ஏன்?

— குறடு தேட நேரமில்லை. அதை விடுங்கோ, தம்பி. நீங்கள் இதை எடுங்கோ. எனக்குக் காசு வேண்டாம். இது என்ர வீட்டிலை கிடக்கக்கூடாது, அவ்வளவுதான்.

— சும்மா வாங்கிக்க முடியாது சார். முதல்ல சொல்லுங்க, எதுல சுத்தி வைக்கிறீங்க?

— கம்பளிச் சொக்சுக்குள்ளை. மேலை ரப்பர் வளையம் போட்டு.

— அதான் விஷயம். கம்பளியிலயும் ரப்பர்லயும் கந்தகம் இருக்கு. வெள்ளி சீக்கிரம் கறுத்துடும்.

— காலமை வெள்ளையாக்கி வைச்சிட்டு ஆஸ்பத்திரி லோண்டரிக்கு வேலைக்குப் போவன். பின்னேரம் வந்து அவிட்டால் புகைக்குள்ளை கிடந்த மாதிரி இருக்கும். ஒரு பகலுக்குள்ளை.

— ஒரு பகல்லயா... அது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் காரணம் அதுவாத்தான் இருக்கணும்.

— கறுப்புக்குக் கந்தகம். சரி. ஸ்டேசனிலை எனக்குப் பின்னாலை ஒருத்தர் நிண்டு செருமுறதுக்கு? அண்ணை கதைக்கத் தொடங்க முன்னம் மூண்டு தரம் செருமுவார். திரும்பிப் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரன் பேப்பர் வாசிச்சுக்கொண்டு நிப்பான். மகள் யோகா நேர்ஸ். அப்பாவுக்குக் காதிலைதான் பிழை எண்டு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவள். காதிலை ஒரு பிழையும் இல்லையாம்.

— உங்க அண்ணன் இப்ப...

— இல்லை.

— மன்னிச்சுக்குங்க.

— அநுராதபுரத்திலை தபால் கந்தோரிலை வேலை. ஜெயரட்ணம் எண்டு பேர். எழுபத்தேழு ஆவணியிலை நான் அவரைப் பார்க்கப் போயிருந்தனான். சைக்கிளாலை விழுந்து கால் முறிஞ்சு, தொடை வரைக்கும் மாப்போட்டுக் கட்டியிருந்தது. அண்ணையின்ர மனுசி, மச்சாள் விமலாதேவி பிள்ளையளோடை யாழ்ப்பாணத்திலை நிண்டவ. அந்தக் கிழமைதான் கலவரம் துவங்கினது.

— பேப்பர்ல படிச்சேன். தமிழங்க வீடா பார்த்து எரிச்சாங்கன்னு.

— எங்கட ஒழுங்கைக்குள்ளை விடியக் காலமை வந்தாங்கள். நான் அண்ணையைத் தோளிலை சாய்ச்சு, பின் வேலியைப் பிரிச்சு, அடுத்த வளவிலை இருந்த விறகுக் கொட்டிலுக்குள்ளை கொண்டுபோய் இருத்தினன். அந்தக் கால் ஒரு மரக்குத்தி மாதிரி நீட்டிக்கொண்டு நிண்டுது. ஒளிக்கவும் ஏலாது, மடக்கவும் ஏலாது. சந்தியிலை ஒரு லொறி எங்கட சனத்தை ஏத்துறதாய்ச் சத்தம் கேட்டுது. கையிலை ஒரு சதமும் இல்லை. அம்மா செத்தாப்பிறகு இறைசாலை அண்ணைதான் அரைஞாண் கயித்திலை கட்டி வைச்சிருந்தவர். அதைத்தான் கடிச்சுக் கழட்டினவர்.

— லாரிக்காரனுக்குக் கொடுக்கவா?

— ஓம். 'கணேசு, இதைக் குடுத்து லொறியை இஞ்சாலை கொண்டு வா. நான் இருக்கிறன்' எண்டார். செருமேல்லை. அண்டைக்கு மட்டும் செருமேல்லை. சத்தம் கேக்கும் எண்டு.

— நீங்க போனீங்க.

— வாய்க்காலுக்குள்ளாலை குனிஞ்சு போனன். லொறி வெளிக்கிடப் போகுது. ஏறினன். வவுனியாவிலை இறங்கினன். மூண்டாம் நாள் ஆக்கள் போய்ப் பார்க்கேக்குள்ளை, கொட்டில் நிண்ட இடத்திலை சாம்பல்தான் கிடந்ததாம்.

— லாரிக்காரன் திரும்பி வரமாட்டேன்னுட்டான்.

— மச்சாளுக்கு அப்பிடித்தான் சொன்னனான். காசைப் பறிச்சுக்கொண்டு லொறியைத் திருப்பமாட்டன் எண்டவன் எண்டு. அவ இண்டைக்கும் ஒவ்வொரு கடிதத்திலையும் அவனைத் திட்டித்தான் எழுதுறா. அவன்ர குடும்பம் விளங்காது எண்டு. கோயிலிலை அவன் நாசமாய்ப் போகவேணும் எண்டு தேங்காய் எறியிறாவாம்.

— அவனையும் ரொம்பத் திட்ட முடியாது சார். அவனுக்கும் உயிர் பயம் இருந்திருக்கும். நீங்க என்ன பண்ணுவீங்க, தனியாளா?

— எல்லாரும் எனக்கு இதைத்தான் சொல்லுகினம். 'நீ என்ன செய்வாய், கணேசலிங்கம்' எண்டு.

— நாணயம் உங்ககிட்ட இருக்கிறது அவங்களுக்குத் தெரியாதா?

— ஒருத்தருக்கும் தெரியாது. யோகாவுக்கும் தெரியாது. எறியவும் பார்த்தனான். பரமட்டா ஆத்துப் பாலத்திலை நிண்டு கையை நீட்டினன். கை விரியேல்லை. ஆரோ பிடிச்ச மாதிரி.

— சரி சார், நான் வெச்சுக்கிறேன். விக்கமாட்டேன், யார்கிட்டயும் காட்டமாட்டேன். ஆனா எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு சின்ன உறை. அது மேல யார் கையிலேர்ந்து யார் கைக்கு வந்துச்சுன்னு எழுதி வைப்போம். சில சமயம் நாணயத்தை விட அந்த உறைதான் முக்கியம். அதுல பொய் எழுதக்கூடாது, அவ்வளவுதான். சொல்லுங்க, எழுதுறேன். முதல்ல உங்க அம்மா.

— மீனாம்பாள்.

— அப்புறம் ஜெயரட்ணம். அப்புறம் கணேசலிங்கம். அப்புறம் நான். லாரிக்காரன் கையில இது போகவே இல்லைதானே?

— போனது.

— அவன் வாங்கினானா?

— நான்தான் ஏறின கையோடை நீட்டினன். வாங்கினவன். சிங்களப் பொடியன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தவன். யானையைப் பார்த்திட்டு ஒருக்காச் சிரிச்சவன்.

— அப்புறம் எப்படி உங்ககிட்ட திரும்பி வந்துச்சு?

— என்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை அவனே போட்டுவிட்டவன். காசு வேண்டாம் ஐயா எண்டு.

— அப்போ அவன் பேரையும் எழுதணும். பேர் தெரியுமா?

— கேக்கேல்லை. அவன்தான் என்னைக் கேட்டவன்.

— என்ன கேட்டான்?

— எஞ்சினை நிப்பாட்டாமல் எங்கட ஒழுங்கைப் பக்கம் தலையை நீட்டி, 'உள்ளுக்கை இன்னும் ஆரும் இருக்கினமோ ஐயா, லொறியைத் திருப்பட்டோ' எண்டு கேட்டவன். ஒருத்தரும் இல்லை எண்டு நான்தான் சொன்னனான், தம்பி.