இருபதாவது சுரப்பி

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, அவர்கள் மகளே, ஆய்வகத் தோழர்களே, வணக்கம்.

நோய்க்குறியியல் மருத்துவர், நம் 'பூதக்கண்ணாடி டாக்டர்', ஆய்வகத்தில் எங்கள் எல்லோருக்கும் அக்கா, இன்று இல்லை. பதினான்கு ஆண்டுகள் அவரிடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒருநாள் ஒரு பேருந்து ஓட்டுநரின் கழுத்திலிருந்து அறுத்தெடுத்த தைராய்டு சுரப்பி எங்கள் மேசைக்கு வந்தது. கரியைப் பூசியதுபோல் இருந்தது. அறுவை மருத்துவர் தொலைபேசியில் பதறினார். "அழுகிப்போச்சா மேடம்?"

"அழுகல சார். முகப்பருவுக்கு ரொம்ப நாள் மாத்திரை சாப்பிட்டாரான்னு கேளுங்க."

ஐந்து வருடம் சாப்பிட்டிருந்தார். கிருமிகளைக் கொல்லும் மருந்துதான். சுரப்பியில் அதன் கறை தங்கிவிட்டது. அந்தக் கறுப்புக்குள் வெளுத்த புள்ளி ஒன்றை அக்கா கண்டுபிடித்தார். அது புற்றுக்கட்டி. ஓட்டுநர் இன்றும் வண்டி ஓட்டுகிறார்.

அன்றிலிருந்து கறுத்த சுரப்பி ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எண் போட்டு எழுதிவந்தார். "மாத்திரையாலதான் கட்டி வந்துச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினா அது ரிப்போர்ட் இல்லப்பா, ஜோசியம்."

சென்ற ஆண்டு அவர் குரல் கம்மியது. "எங்களைத் திட்டித் திட்டியே தொண்டை போச்சு" என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊரார் கழுத்தையெல்லாம் சோதித்த கூட்டம் நாங்கள். அவர் கழுத்தை யார் பார்த்தோம்?

பிறகு ஒரு சுரப்பி வந்தது. சீட்டில் அவர் பெயர். நான்தான் அறுத்தேன். உள்ளே கறுப்பு. நடுவே வெளுத்த கட்டி, உறையைத் தாண்டிப் பரவியிருந்தது. இளவயதில் அவரும் அதே மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர். "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னே தள்ளிப்போட்டா" என்றார் கணவர்.

வார்டுக்குப் போனேன். "கறுப்பா?" என்று கேட்டார், காற்றுக் குரலில்.

"ஆமாக்கா."

"எழுதிக்கோ. இருபது."

நான்கு மாதம்தான் இருந்தார்.

"அம்மாவுக்கே எப்படித் தெரியாமப் போச்சு, மாமா?" என்று மகள் கேட்டாள். தினமும் எதிரே உட்கார்ந்த எனக்கே தெரியாமல் போனதம்மா.

இனி கழுத்துக் கட்டியோடு வரும் ஒவ்வொருவரிடமும் எந்த மாத்திரை, எத்தனை வருடம் என்று கேட்போம். அந்த நோட்டை நிறுத்த மாட்டோம். இது உறுதி. இதனால் மனம் ஆறும் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இன்று காலை அவர் நாற்காலியில் நான் உட்கார வேண்டியிருந்தது. கண்ணில் நீர் நின்றால் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. துடைத்துத் துடைத்துத்தான் பார்த்தேன்.