நபீலாவின் கன்னத்துப் புண்

— கன்னத்த இஞ்சால திருப்பு, நபீலா. இந்தப் புண் எப்ப வந்தது?

— பெரிய வெள்ளம் வடிஞ்ச கையோட, டொக்டர் ஐயா. ஆறுது, பொறகு உடையுது. இவளுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிப் பாத்தன், ஒண்டுக்கும் கேக்குதில்ல.

— உங்கட மகளுக்கு என்ன வயசு, சபூறா?

— பதிமூணு. பொறக்கக்குள்ளயே தலமயிரும் வெள்ள, தோலும் வெள்ள. சாய்ந்தமருது ஆக்கள் வெள்ளக்காரிர புள்ள எண்டு சிரிச்ச.

— அந்த வெள்ளை நிறம் நோயில்ல, பிறவியில வந்தது. எங்கட தோல் வெயிலுக்குக் கறுக்கும். இவட தோல் கறுக்காது, எரியும். கழுத்து, காதெல்லாம் தடிச்சுக் கிடக்கு பாருங்க. வருசக் கணக்காப் பட்ட வெயில். நீட்டுக் கைச் சட்டை, குடை இல்லாம இவவ வெளிய விட்டிருக்கக் கூடாது.

— மருந்து தாங்க ஐயா.

— என்னட்ட மருந்தில்ல. கொழும்புக்கு எழுதித் தாறன். வெட்டி எடுக்க வேணும்.

— மொகத்தயா?

— ஓம். அதுக்குப் பிறகும் இந்தப் புற்றுநோய் திரும்பி வராது எண்டு சொல்ல ஏலாது.

— யா அல்லாஹ்! கொமருப் புள்ள ஐயா இது.

— நபீலா, ஆர் உன்ன இவ்வளவு வெயிலுக்குள்ள விட்டது?

— ஆரும் விடல்ல. நாந்தான் கடக்கரைக்கு வெளையாடப் போன. உம்மா ஏசுவா, நான் கேக்கிறல்ல.

— உள்ளங்காலும் எரிஞ்சு கிடக்கே. ஓடி விளையாடுற பிள்ளைக்கு உள்ளங்காலில எப்பிடி வெயில் படும்?

— அது... சும்மா...

— போதும் மகள், எனக்காகப் பொய் செல்லாத. நாந்தான் ஐயா. வெயில் பட்டா நிறம் புடிக்கும், நாலு பேரப்போல ஆயிருவா எண்டு ஊர்ல நாட்டு மருந்து குடுக்கிற பரிசாரி சென்ன. எண்ணெயப் பூசி வளவுக்குள்ள வெயில்ல பாய்ல பெரட்டிப் பெரட்டிப் படுக்க வெச்சன். அஞ்சி வருசம். எரியிதும்மா எண்டு அழுவா. எழும்ப உடாம கையப் புடிச்சிக்கிட்டு இரிந்த.

— உங்களுக்குத் தெரியாதுதானே, சபூறா.

— இவள்ர கலியாணத்த நெனச்சித்தான் ஐயா செஞ்ச.

— அழாதீங்க உம்மா. எழும்புங்க, கெதியா ஊட்டுக்குப் போவம். தங்கச்சியும் என்னப்போல வெள்ளதானே. நீங்க வெயில்ல படுக்க வெச்சிட்டு வந்த, அவள் இன்னும் அதுலதான் கெடப்பா.