நூற்றிருபது ரொட்டிகளை உடைத்தவர் யார்?

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வர்த்தக சங்கத்துப் பெரியோர்களே, முன்வரிசையில் கண்ணீரோடு இருக்கும் தங்கை தவமணியே, அவள் மகள் ஸ்டெபனியே, கடைகளைப் பூட்டிவிட்டுச் சீருடையோடு வந்திருக்கும் பணியாளர்களே, உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் யூஜினியின் வணக்கம்.

நான் மேடையேறிப் பழகியவள் அல்லள். வீட்டையும் கோயிலையும் தவிர அதிகம் அறியாதவள். 'எல் சீமோன்' உணவகங்களை நிறுவிய, தவமணியின் கணவர் அமரர் சீமோன் அவர்களின் அண்ணி நான். அவருடைய அண்ணன் மாக்கஸின் மனைவி. சீமோனைப் புகழ மட்டும் நான் இங்கு வரவில்லை. அவர் சொல்லிவந்த ஒரு கதையைத் திருத்தவும் வந்திருக்கிறேன்.

இந்த நாட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் மெக்சிக்கோ உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார் சீமோன். அங்கிருந்த சமையற்காரரிடம் பீன்ஸ் அவிக்கவும் இறைச்சி வாட்டவும் கற்றார். "எங்கட சனத்துக்கும் உறைப்புத்தானே அண்ணி பிடிக்கும். உந்த மெக்சிக்கோக்காரரும் எங்களை மாதிரித்தான்," என்பார். 2007ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, சனிக்கிழமை, வோபர்னில் எட்டுக் கதிரைகளோடு முதற்கடை திறந்தார். அண்ணனும் தம்பியும் சரிபாதிக் கூட்டு. இன்று பதினொரு கடைகள்! முந்நூற்று நாற்பது பேருக்கு மேல் அங்கே உழைத்துக் குடும்பம் பார்த்திருக்கிறார்கள். எத்தனை பேரின் முதல் சம்பளம் அவர் கையால் வந்தது! எத்தனை அகதிப் பிள்ளைகளுக்கு முதல் வேலை அவர் கொடுத்தது!

பணியாளர்களே, வேலைக்குச் சேர்ந்த அன்று சீமோன் உங்களிடம் என்ன சொன்னார்? "நான் கடை திறந்த அண்டைக்கே நூற்றிருபது ரொட்டியை உடைச்சனான். நீங்கள் அதுக்கு மேல உடைச்சால் மட்டும் வந்து சொல்லுங்கோ." சிரித்தீர்கள் அல்லவா? பயம் போயிற்று அல்லவா? முதல் நாள் பிழைக்கு ஏச்சில்லை என்பது அவருடைய கடைகளில் சட்டம்.

அந்த நூற்றிருபது ரொட்டிகளையும் உடைத்தவர் சீமோன் அல்லர். நான்தான்.

ரொட்டிக்கு மா குழைக்கும் பொறுப்பை அவர் என்னிடம் தந்திருந்தார். பச்சை மாவில் குழைக்க வேண்டும் என்று சொல்லியும் இருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. பச்சைக் கோதுமை மா சனத்தின் வயிற்றைக் குழப்பிவிட்டால்? எட்டுக் கிலோ மாவையும் புட்டுக்கு அவிப்பதுபோல் நீராவியில் அவித்து, அரித்து, வாளியில் கொண்டுபோனேன். அவித்த மா இழுபடுமா? சுடும்போது வட்டமாகத்தான் இருந்தது. பீன்ஸும் சோறும் வைத்துச் சுருட்டியதும் ஒவ்வொன்றாக வெடித்தது. கடையை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த அன்றைய பங்குச் சுவாமியின் வெள்ளை அங்கி முழுவதும் பீன்ஸ் குழம்பு! வாசல்வரை நின்ற சனம் சிரித்தது.

என் கணவருக்கு அவமானம் தாங்கவில்லை. "ஆறு வருஷம் கோப்பை கழுவினனி, ஒரு ரொட்டி சுடத் தெரியேல்லையோடா?" என்று எல்லோர் முன்னும் கத்தினார். சீமோன் வாளியைப் பார்த்தார். மாவைத் தொட்டு முகர்ந்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். "ஓம் அண்ணை, என்ர பிழைதான். நான்தான் மாவை அவிச்சனான்," என்றார். நான் மா அப்பிய கையோடு பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

சீமோன் அன்று கடையைப் பூட்டவில்லை. உடைந்த ரொட்டிகளைக் கொத்தி, மேலே கோழியும் பீன்ஸும் போட்டு, பெட்டிகளில் விற்றார். இன்றும் பதினொரு கடைகளிலும் அதிகம் விற்பது அதுதான். பெயர் 'முதல் நாள்'. ஆனால் என் கணவர் அந்தக் கிழமையே கூட்டிலிருந்து விலகினார். பதினெட்டு ஆண்டுகள் தம்பியின் எந்தக் கடை வாசலையும் மிதிக்கவில்லை. கலியாண வீடுகளில் கண்டால் தலையசைப்பார்கள். அவ்வளவுதான்.

ஒருமுறை சீமோனிடம் கேட்டேன், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று. "அண்ணி, என்னோட கோவிச்சால் அண்ணை கடைக்கு வரமாட்டார். உங்களோட கோவிச்சால் வீட்டுக்கு வரமாட்டார். எது பெரிசு? பிறகு எனக்கு ஆர் புட்டு அவிச்சுத் தாறது?" என்று சிரித்தார்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் இதைச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "கணவரிடம் சொல்லுங்கள்" என்ற பதிலையே ஒவ்வொரு முறையும் கேட்டேன். கடவுளுக்குச் சொல்லத் துணிந்த எனக்குக் கணவருக்குச் சொல்லத் துணிவில்லை. ஆஸ்பத்திரியில் மாக்கஸ் தம்பியின் கையைப் பிடித்தபோது, சீமோனுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. இருவரும் மனம்விட்டுப் பேச ஒரு மணித்தியாலத்தை நான் முன்னமே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இது என் பாவம், உறவுகளே!

அடக்கம் முடிந்த மறுநாள் கணவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். பிறகு, "இஞ்சேர், அப்ப நான் பதினெட்டு வருஷமாய் ஆரோடையப்பா கோவிச்சனான்?" என்று கேட்டார். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்சத்தை ஸ்டெபனி சொன்னாள். வோபர்ன் கடையில் வரிசையில் நின்றாராம். "பெரியப்பா, நீங்களோ! என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறாள். "உன்ர அப்பா எனக்கு என்ன தந்திருப்பார்?" 'முதல் நாள்' கொடுத்திருக்கிறாள். உறைப்பே சாப்பிடாத மனுஷன், கண்ணும் மூக்கும் ஒழுக ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாராம். பிறகு, "அந்தப் புது விட்பிக் கடை எப்ப திறக்கிறது?" என்றாராம்.

"ஐ டோன்ட் நோ, பெரியப்பா. அப்பா இல்லாமல் வேண்டாம், விட்டிடுவம் எண்டு அம்மா சொல்லுறா."

"அம்மாட்டச் சொல்லு, நான் வாறன் எண்டு."

தவமணி, உன் முன்னால் வைத்தே சொல்கிறேன். சீமோன் அவர்கள் கையெழுத்திட்டு, பதினான்கு பேருக்கு வேலை உறுதிசொல்லிச் சென்ற அந்தப் பன்னிரண்டாவது கடையை, விட்பிக் கடையை, விட்டுவிடாதே. கதவைத் திறக்க அண்ணன் வருவார். மா குழைக்க நான் வருவேன், பச்சை மாவில்! அந்தப் பதினான்கு பேருக்கும் முதல் நாள் கதையை நானே சொல்வேன், என் பெயரோடு. அவர்களை ஒருபோதும் ஏசமாட்டோம் என்று இந்தச் சபையின் முன், ஆண்டவரின் முன், உறுதி கூறுகிறேன்.

சீமோன், நீர் என் பிழையைச் சுமந்தது போதும். இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறும்.